ஐம்பத்தைந்து லிண்டன் மரங்கள்: வில்சன்வில் வாகன நிறுத்துமிடத்தில் நடந்தது

2013 ஜூன் 17, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்குத் தெற்கே இருக்கும் சிறு நகரம் வில்சன்வில். அங்குள்ள டார்கெட் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் காரை விட்டு இறங்கியதும் தரையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். வாகன நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்ற லிண்டன் மரங்களின் அடியில் கறுப்பும் மஞ்சளுமாகத் தேனீக்கள் சிதறிக் கிடந்தன. சில மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. பூவைப் பற்றிய பிடியை விடாமலே செத்துத் தொங்கியவையும் உண்டு. மேலேயிருந்து ஒன்றிரண்டாக இன்னும் விழுந்துகொண்டிருந்தன.

தகவல் போர்ட்லாந்தில் இருக்கும் செர்செஸ் சங்கத்துக்குப் போனது. முதுகெலும்பில்லாத உயிரினங்களைக் காப்பதற்காக 1971இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. சான் பிரான்சிஸ்கோவின் மணற்குன்றுகளில் வாழ்ந்து 1940களில் அடியோடு அழிந்துபோன செர்செஸ் நீலம் என்ற வண்ணத்துப்பூச்சியின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் ஆட்கள் வந்து பார்த்தபோது முதல் கணக்கு 25,000. சில நாளில் அது 50,000 ஆனது. அமெரிக்காவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் உயிர்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். அந்த ஆண்டு அந்த வாரம் தொடங்கியதும் இதே திங்கட்கிழமைதான்.

காரணம் கண்டுபிடிக்க வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் முன்பு, ஜூன் 15 சனிக்கிழமை, அங்கிருந்த 55 மரங்களுக்கும் உரிமம் பெற்ற தொழில்முறை ஆட்கள் மருந்து அடித்திருந்தார்கள். மருந்தின் வணிகப் பெயர் சஃபாரி; அதன் நச்சுப் பொருள் டைனோடெஃபியூரான். கொல்ல நினைத்த பூச்சி அசுவினி. மரங்கள் அப்போது முழுப் பூவில் இருந்தன.

எங்கோ நடந்த, பத்து ஆண்டுக்கு மேல் பழைய நிகழ்வை இப்போது எடுத்து வைத்துப் பேசக் காரணம் உண்டு. பூச்சிக்கொல்லி விபத்துகளில் பெரும்பாலானவை வயலில் நடப்பவை. அங்கே விளைச்சல், கடன், பசி என்று எதிர்த்தட்டில் வைக்க ஏதாவது இருக்கும். வில்சன்வில்லில் எதிர்த்தட்டில் இருந்தது கார் கண்ணாடியின் பிசுபிசுப்பு. இவ்வளவு சுத்தமாக, குழப்பம் இல்லாமல் கேள்வியைக் காட்டும் நிகழ்வு வேறு எனக்குத் தெரியவில்லை.

மரமும் அசுவினியும்

லிண்டன் நமக்குப் பழக்கமில்லாத மரம். ஆனால் முழு அந்நியம் என்று சொல்ல முடியாது. பூவரசு, பருத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இலையும் பூவரசு போலவே இதய வடிவம். வில்சன்வில்லில் நின்றவை ஐரோப்பாவிலிருந்து வந்த சிற்றிலை லிண்டன்கள். ஜூன் வாக்கில் வெளிர் மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், தெருமுனையிலேயே மணக்கும். தேன் மிகுதியாகச் சுரக்கும் மரம் என்பதால் ஐரோப்பாவில் லிண்டன் தேனுக்குத் தனி மதிப்பு.

நகரத் தோட்டக்கலைக்காரர்களுக்கு இந்த மரம் பிடிக்கும். நல்ல நிழல், ஒழுங்கான கூம்பு வடிவம், புகையையும் தார்ச் சூட்டையும் தாங்கும் உடல். ஒரே ஒரு குறை: அசுவினி. இலையின் அடியில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சிய சாற்றில் புரதம் குறைவு, சர்க்கரை அதிகம். ஆகவே தேவைக்கு மேற்பட்ட சர்க்கரையைப் பின்வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். நம் மாந்தோப்பில் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி விழுந்தால் இலையெல்லாம் பளபளவென்று ஒட்டுமே, அதே சமாசாரம். அதன் மேல் கரும்பூஞ்சாணம் படர்ந்தால் இலை கரி பூசியதுபோல் ஆகும். மாவில் அது பூவையே உதிர்க்கும், காய்ப்பைக் கெடுக்கும். விவசாயிக்கு வயிற்றில் அடி. லிண்டனில் அப்படி ஒன்றும் இல்லை. வளர்ந்த லிண்டன் அசுவினியால் சாவதில்லை. சொட்டும் நீர் கீழே நிற்கும் காரின் மேல் விழுகிறது, அதில் தூசி ஒட்டுகிறது. நோய் என்று சொல்ல வேண்டுமானால் அது காருக்கு வந்த நோய்.

மரத்தைப் பார்க்க வந்த தொழிலாளி மரத்துக்கு ஏதும் தேவையில்லை என்று கண்டுகொள்ள வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பூ இருந்ததா, காற்று அடித்ததா, அளவு சரியா என்பவையெல்லாம் பிறகு வரும் கேள்விகள். பிறகு நடந்த விசாரணை, அபராதம், சட்டம் எல்லாமே அந்தப் பிந்திய கேள்விகளைத்தான் பிடித்துக்கொண்டன.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல். நாம் இந்த நஞ்சை மருந்து என்கிறோம். 'மருந்து அடிக்கிறேன்' என்று சொல்லும்போதே எதிரே ஒரு நோயாளி இருப்பதாக ஆகிவிடுகிறது. நானும் இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தப்போகிறேன். வழக்கில் வேறு சொல் இல்லை.

பூவுக்குள் போன நஞ்சு

டைனோடெஃபியூரான் நியோனிகோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. நம் விவசாயிகளுக்கு இந்த வகையில் நன்றாகத் தெரிந்த பெயர் இமிடாகுளோபிரிட். பெயரிலேயே நிகோட்டின் இருக்கிறது: பழைய காலத்தில் புகையிலைக் கரைசல் தெளித்துப் பூச்சியை விரட்டினார்களே, அதே நரம்பு வாசலைத்தான் இதுவும் தட்டுகிறது. பூச்சியின் நரம்பு அணுக்களில் செய்தி வாங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. நரம்பு ஓயாமல் துடித்து, நடுக்கம் வந்து, செயலிழந்து, சாவு.

இந்த வகையின் தனித்தன்மை செடிக்குள் ஊடுருவுவது. இலையிலோ வேரிலோ பட்ட மருந்து சாற்றோடு கலந்து மரம் முழுக்கப் பாயும். டைனோடெஃபியூரான் இதில் கெட்டிக்காரன். ஒரு லிட்டர் நீரில் சுமார் 40 கிராம் கரையும்; இமிடாகுளோபிரிட் அரைக் கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். நன்றாகக் கரைவதால் சீக்கிரம் ஏறும், உயரம் வரை போகும். உயரமான மரத்தில் சாறு உறிஞ்சும் பூச்சியை விரைவாகக் கொல்ல வேண்டும் என்றால் மரப் பராமரிப்பாளர் இதைத் தேர்ந்தெடுப்பது தொழில் கணக்கில் நியாயம்தான். சாறு போகும் இடமெல்லாம் நஞ்சும் போகும் என்பது அதே கணக்கின் இன்னொரு வரி. தேனும் சாற்றிலிருந்துதான் சுரக்கிறது.

ஊடுருவும் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை நான் பள்ளியில் படிக்கும்போதே கண்ணால் பார்த்திருக்கிறேன், என் மாமாவின் தென்னந்தோப்பில். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி தாராளமாகப் புழங்கிய காலம். மரத்திலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் தடிமனில் செம்பழுப்பாக ஒரு இளம் வேரைத் தேடுவார். கிடைத்ததும் நுனியைச் சாய்வாகச் சீவுவார். சின்ன பாலிதீன் பையில் 10 மில்லி மருந்து, 10 மில்லி தண்ணீர். வேர் நுனி பையின் அடியைத் தொடும்படி நுழைத்து நூலால் இறுக்கிக் கட்டி, மண்ணை மூடிவிடுவார். மறுநாள் போய்ப் பார்த்தால் பை சுருங்கிக் காலியாக இருக்கும். அந்த மருந்து அதற்குள் உச்சியில் இருக்கும் கருந்தலைப்புழுவின் வாய்க்குப் போயிருக்கும். எனக்கு அது மாயம்போல் இருந்தது.

கட்டி முடித்ததும் அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். 45 நாள் அந்த மரத்தில் காய் பறிக்கக் கூடாது. பறித்தால் இளநீரில் மருந்து இருக்கும். 'தேனீக்கு என்ன ஆகும் மாமா?' என்று கேட்டேன். அறிவியல் வாத்தியார் அந்த வாரம்தான் மகரந்தச் சேர்க்கை நடத்தியிருந்தார். 'தேனீ எங்கே இளநீர் குடிக்கப் போகிறது, மாப்பிள்ளை?' என்று சிரித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

எத்தனை செத்தன

வில்சன்வில் சாவுகள் பற்றி 2021இல் ஒரு விரிவான ஆய்வு வெளிவந்தது. செர்செஸ் சங்கத்தின் ரிச் ஹாட்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் மரங்கள் நின்ற இடங்களின் வரைபடத்தையும் இறந்த தேனீக்களின் மரபணுவையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். செத்தவை குறைந்தது 45,830, அதிகபட்சம் 1,07,470. அவை வந்த கூடுகள் 289 முதல் 596 வரை. வட அமெரிக்காவில் பூச்சிக்கொல்லியால் பம்பிள் தேனீக்கள் இறந்ததாகப் பதிவான நிகழ்வுகளில் இதுவே மிகப் பெரியது.

சோதித்த பூக்களில் கண்ட மிகக் குறைந்த டைனோடெஃபியூரான் அளவே 7.4 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 7.4 பங்கு). வளர்ப்புத் தேனீக்களில் பாதியைக் கொல்லும் அளவு 0.884 பி.பி.எம். என்று கணக்கு, அதாவது ஆகக் குறைந்த நஞ்சுள்ள பூவே எட்டு மடங்குக்கு மேல். இறந்த தேனீக்களின் உடலில் சராசரியாக 0.92 பி.பி.எம். இருந்தது. இந்தக் கடைசி எண்ணைச் சற்று யோசித்துப் பாருங்கள். சாவதற்கு எவ்வளவு வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவே உடலில் சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் குடிக்க அவை உயிரோடு இல்லை.

பம்பிள் தேனீ நம் கொசுத்தேனீ, அடுக்குத்தேனீ, மலைத்தேனீ எதனோடும் சேராது. உருண்டு திரண்ட உடல், அடர்ந்த மயிர், கனத்த ரீங்காரம். இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் போக வேண்டும். அதன் வாழ்க்கைமுறை இந்தக் கதைக்கு முக்கியம். தேனடையில் ஆண்டுக்கணக்காகக் குடும்பம் நடத்தும் பழக்கம் அதற்கு இல்லை. குளிர்காலத்தை மண்ணுக்குள் தனியாகக் கழிக்கும் ராணி, வசந்தத்தில் வெளியே வந்து, எலி கைவிட்ட வளை மாதிரி ஓர் இடம் பார்த்து, முதல் குஞ்சுகளைத் தானே வளர்க்கிறது. வேலைக்காரத் தேனீக்கள் பெருகினால்தான் கோடையின் பின்பகுதியில் புதிய ராணிகள் பிறக்கும். இலையுதிர் காலம் வந்ததும் கூடு முழுக்கச் செத்துவிடும். புதிய ராணிகள் மட்டும் மண்ணுக்குள் போகும். ஜூன் நடுவில் வேலைக்காரத் தேனீக்களை வாரிக்கொண்டு போவது அடுத்த ஆண்டுக்கான விதைநெல்லில் கை வைப்பது. தரையில் கிடந்தவற்றை எண்ணலாம். பிறக்காமல் போன ராணிகளை எண்ண வழி கிடையாது.

இத்தனை கூடுகளின் தேனீக்கள் ஒரே இடத்துக்கு ஏன் வந்தன? சுற்றிலும் தாரும் சிமெண்டும். நடுவே ஒரே இனத்து மரங்கள் 55, ஒரே வாரத்தில் பூக்கின்றன. தேனீக்கு அது பாலைவனத்தில் அன்னதானப் பந்தல். வாகன நிறுத்துமிடத்து மரம்தானே, காட்டு உயிருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைப்பவர்கள் உண்டு. நகரத்தில் நிலவரம் நேர்மாறு: மற்ற பூ குறையக் குறைய அந்த மரத்தின் மேல் கூட்டம் கூடுகிறது.

வலை போட்ட வெள்ளிக்கிழமை

மருந்துதான் காரணம் என்று ஓரிகன் வேளாண் துறை ஜூன் 21இல் உறுதி செய்தது. அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது, சாவு நிற்கவில்லை. ஊடுருவிய மருந்தைக் கழுவ முடியாது. பூவை உதிர்க்கவோ மரத்தை வெட்டவோ செய்யலாம், அல்லது தேனீ போகாமல் மரத்தை மூடலாம். மூடுவது என்று முடிவானது. வேளாண் துறை, நகராட்சி, செர்செஸ் சங்கம், தன்னார்வலர்கள் எல்லோரும் சேர்ந்து, தெருவிளக்கு மாற்றுவார்களே அதுபோலத் தூக்குக்கூடை பொருத்திய லாரிகளைக் கொண்டுவந்து 55 மரங்களுக்கும் உச்சியிலிருந்து வலை இறக்கிக் கட்டினார்கள்.

அசுவினிக்கு மருந்து அடிக்க எவ்வளவு கூலி ஆகியிருக்கும், இந்த வலை வேலைக்கு எத்தனை துறைகளின் எத்தனை ஆட்கள் வேலையை விட்டு வந்தார்கள் என்று யாராவது கணக்குப் பார்த்தால் நன்றாக இருக்கும். ஜூன் 30 அன்று உள்ளூர் மக்கள் அந்த வாகன நிறுத்துமிடத்திலேயே கூடித் தேனீக்களுக்கு ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் பத்திரிகைகள் விடாமல் எழுதியதற்கும், அதிகாரிகள் வேகமாக நகர்ந்ததற்கும் இப்படிப்பட்ட கூட்டங்களும் காரணம் என்பது என் எண்ணம்.

ஹில்ஸ்பரோ மரம்

வில்சன்வில் பரபரப்பில், பக்கத்து நகரமான ஹில்ஸ்பரோவில் நடந்தது சற்று மறைந்துபோனது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. அங்கும் லிண்டன், அதே மருந்து. செத்த தேனீக்கள் சில நூறுதான். ஆனால் மருந்து கொடுத்தது மார்ச் மாதம். பூப்பதற்கு மூன்று மாதம் முன்பு.

வில்சன்வில்லில் தவறு வெளிப்படை. மருந்து டப்பாவின் லேபிளில் தேனீ வந்து போகும் நேரத்தில் அடிக்காதே என்று இருந்தது, பூத்த மரத்தில் அடித்தார்கள், குற்றம். அமெரிக்காவில் லேபிளை மீறுவது சட்டத்தையே மீறுவதற்குச் சமம். ஹில்ஸ்பரோவில் மருந்து கொடுத்தபோது பூவும் இல்லை, தேனீயும் இல்லை. லேபிளைப் பார்த்து நடக்கும் ஒழுங்கான தொழிலாளி 'பூக்கும் முன்னால் முடித்துவிட்டேன்' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். மரம் அந்த நஞ்சை மூன்று மாதம் உடம்பில் வைத்திருந்து, பூத்தபோது தேனோடு பரிமாறியது.

தெளிக்கும் நேரத்தை மாற்றினால் போதும், மாலையில் அடி, பூ உதிர்ந்தபின் அடி என்ற அறிவுரையெல்லாம் பழைய தலைமுறை மருந்துகளுக்கு ஏற்றது. இலை மேல் படிந்து வெயிலில் சிதையும் மருந்துக்கு நேரம் முக்கியம். மரத்துக்குள் குடியேறும் மருந்துக்குக் கடிகாரம் உதவாது. இந்த வேறுபாட்டைப் பயிற்சி வகுப்பில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் மனதில் நிற்காது. ஹில்ஸ்பரோ மரத்தைச் சொன்னால் நிற்கும்.

அபராதமும் சட்டமும்

ஜூன் 27இல் வேளாண் துறை இயக்குநர் கேட்டி கோபா, டைனோடெஃபியூரான் அடங்கிய 18 தயாரிப்புகளைச் செடி மரங்களுக்குப் பயன்படுத்த 180 நாள் தடை விதித்தார். ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நாடு முழுவதும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான நியோனிகோட்டினாய்டு லேபிள்களில் தேனீப் படத்துடன் எச்சரிக்கைப் பெட்டி அச்சிட வேண்டும் என்றது. டைனோடெஃபியூரானையும் இமிடாகுளோபிரிட்டையும் லிண்டன் வகை மரங்களில் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் போட வேண்டும் என ஓரிகன் தன் பங்குக்குச் சேர்த்தது.

அபராதம் டிசம்பரில் வந்தது. அந்த ஜூன் மாதம் ஓரிகனில் இப்படி நடந்த நான்கு சம்பவங்களுக்கும் சேர்த்து ஆறு அபராதங்கள், மொத்தம் 2,886 டாலர். முழுத்தொகையையும் வில்சன்வில் கணக்கில் எழுதினாலும் ஒரு தேனீக்கு ஏழு சென்ட் தேறாது. சட்டம் அனுமதித்த எல்லைக்குள் போட்ட தொகைதான், அதிகாரிகளைக் குறை சொல்ல முடியாது. காட்டு உயிரான பம்பிள் தேனீக்கு உரிமையாளர் யாரும் இல்லை. வளர்ப்புத் தேனீ செத்திருந்தால் பெட்டிக்காரர் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போயிருப்பார்.

லேபிள் மாறியது, செய்தி ஊரெல்லாம் பரவியது, ஒவ்வொரு மரப் பராமரிப்பு நிறுவனத்துக்கும் தெரிந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2014 ஜூனில், அதே மாநிலத்தின் யூஜின் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பூத்து நின்ற 17 லிண்டன் மரங்களுக்கு ஒரு நிறுவனம் இமிடாகுளோபிரிட் அடித்தது. ஆயிரம் தேனீக்கள் அளவில் செத்தன. அந்த நிறுவனத்தின் உரிமத்தை அரசு நிறுத்தி வைத்தது. வேடிக்கை என்னவென்றால், தன் சொத்துகளில் நியோனிகோட்டினாய்டு வேண்டாம் என்று அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் யூஜின் மாநகராட்சி தீர்மானித்திருந்தது. குடியிருப்பு தனியார் இடம். தீர்மானம் வேலியோடு நின்றுவிட்டது.

2015 பிப்ரவரியில் ஓரிகன் கதவை முழுக்கச் சாத்தியது. டைனோடெஃபியூரான், இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், குளோத்தியானிடின் என்ற நியோனிகோட்டினாய்டுகள் நான்கையும் லிண்டன் இனத்து மரங்களுக்குத் தெளிக்கவும் கூடாது, வேரில் ஊற்றவும் கூடாது, தண்டில் ஏற்றவும் கூடாது. இடையில் 2014இல் வந்த ஒரு சட்டம், பூச்சிக்கொல்லி உரிமம் கேட்பவர்கள் மகரந்தச் சேர்க்கை உயிர்களைக் காப்பது பற்றிப் படித்தாக வேண்டும் என்றது. தடையைவிட இந்தப் பாடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தடை லிண்டனுக்கு மட்டும்தான். தேன் சுரக்கும் அலங்கார மரம் லிண்டன் ஒன்றுதானா என்ன?

வேறு வழி இருந்ததா

இருந்தது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வழியும் அல்ல. ஓரிகனுக்குத் தெற்கே இருக்கும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில், 1970களில், தெரு லிண்டன்களின் இதே அசுவினிக்கு மருந்தே இல்லாமல் தீர்வு கண்டார்கள். வில்லியம் ஓல்கோவ்ஸ்கி, ஹெல்கா ஓல்கோவ்ஸ்கி தம்பதியும் பூச்சியியலாளர் ராபர்ட் வான் டென் பாஷும் அசுவினியின் சொந்த ஊரான ஐரோப்பாவிலிருந்து அதன் எதிரியைக் கொண்டுவந்தார்கள்: கடுகளவு ஒட்டுண்ணிக் குளவி. அசுவினிக்குள் முட்டையிடும், புழு உள்ளே இருந்து தின்று வெளியே வரும். குளவி அங்கே நிலைபெற்றது. நகராட்சிக்கு அசுவினிக்காக மருந்து அடிக்கும் வேலையே குறைந்துபோனது.

குளவி இல்லாத ஊரிலும் செய்வதற்கு நிறைய உண்டு. பொறிவண்டும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அசுவினியைத் தேடி வரும். கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். எறும்பு அசுவினிக்குக் காவல் நின்று அவற்றை விரட்டுவதால், அடிமரத்தில் பிசின் பட்டை சுற்றி எறும்பை ஏற விடாமல் செய்தாலே பாதி வேலை முடியும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் அசுவினி உதிரும். உரத்தைக் கொட்டி மரத்தைக் கொழுக்க வைக்காமல் இருந்தால் தளிர் அளவோடு வரும், அசுவினியும் அளவோடு வரும். எதுவும் முடியாவிட்டால் பூக்கும் சில வாரங்களுக்கு அந்த வரிசையில் காரை நிறுத்தாமல் இருக்கலாம்.

மருந்தே கூடாது என்று இதைப் படிக்க வேண்டாம். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் என்ற வண்டு, வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. மரப்பட்டைக்கு அடியில் புழு சுரங்கம் தோண்டும். அங்கே தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்றாவிட்டால் மரம் போய்விடும். ஆஷ் காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம், தேன் சுரப்பதில்லை. பழைய ஆஷ் ஒன்றைக் காப்பாற்ற ஒருவர் ஊசியை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். மரம் சாகுமா, அதன் பூவுக்கு யார் வருகிறார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் அவர் ஊசியை எடுத்திருப்பார்.

இந்தத் தொழில் இதே பாடத்தை முன்பும் ஒருமுறை படித்திருக்கிறது. 1954 முதல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களின் வாடல் நோயைப் பரப்பும் வண்டுகளுக்கு டிடிடி அடித்தார்கள். நஞ்சு படிந்த இலை இலையுதிர் காலத்தில் விழுந்தது, மண்புழு தின்றது, வசந்தத்தில் வந்த ராபின் பறவைகள் மண்புழுவைத் தின்று நடுங்கிச் செத்தன. அங்கே பறவையியல் கற்பித்த ஜார்ஜ் வாலஸ் அதை ஆண்டு ஆண்டாகப் பதிவு செய்தார். மரத்தில் ஏறும் நஞ்சு மரத்தோடு நிற்பதில்லை என்பது அறுபது ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதானே தொழில் என்று சிலர் வாதிடுவார்கள். மருத்துவரிடம் போய் 'எனக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுங்கள்' என்று கேட்டால் எழுதிக் கொடுப்பவரும் உண்டு, 'இது வெறும் சளி, போய் வெந்நீர் குடியுங்கள்' என்பவரும் உண்டு. இரண்டாமவருக்கு அன்றைக்கு வருமானம் குறைவு. மரப் பராமரிப்பில் சிக்கல் இன்னும் கூடுதல்: பல நிறுவனங்களில் மரத்தைப் பார்த்து நோய் சொல்பவரும், தெளிப்பு வேலைக்கு விலை சொல்பவரும் ஒரே ஆள். பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கினால், எதுவும் அடிக்காமல் திரும்பினாலும் அவருக்குக் கூலி உண்டு. அந்த ஏற்பாடு பரவலாக இருந்தால் லேபிளில் தேனீப் படம் போடுவதைவிட நல்ல பலன் தரும் என்று நினைக்கிறேன்.

வில்சன்வில் ஆய்வைப் படித்து முடித்த அன்று மாமாவின் சுண்ணாம்புக் கோடு நினைவுக்கு வந்தது. தென்னையில் மாதத்துக்கு ஒரு பாளை வெடிக்கும். காலையில் போய் அண்ணாந்து பார்த்தால் தேனீ மொய்க்கும் இரைச்சல் கீழே வரை கேட்கும். மருந்து கட்டிய மரத்தில் நாங்கள் இளநீர் இறக்காமல் காத்திருந்த அந்த 45 நாளுக்குள் எப்படியும் ஒரு பாளை வெடித்திருக்கும், சில மரங்களில் இரண்டு.